கண்ணாடிப் பெட்டியில் இசபெலினோவின் கால்

எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் எதையும் சும்மா கொடுத்துவிட முடியாது. கொடுப்பதற்கு மேடை வேண்டும், நாடா வேண்டும், தேசிய கீதம் வேண்டும். கொடுக்கிறவர் பெரிய மனிதராக இருக்க வேண்டும், வாங்குகிறவர் கண் கலங்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் கொடுத்தது கணக்கில் வராது. ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் புது ஆம்புலன்ஸ் வந்தது. அமைச்சர் வந்து நாடா வெட்ட வேண்டும் என்று ஒரு கோடை முழுக்க நகராட்சி வாசலில் அதை நிறுத்தி வைத்தார்கள். அந்தக் கோடையில் பிரசவ வலி கண்ட பெண்கள் எல்லாம் அதைத் தாண்டி மாட்டு லாரியில்தான் போனார்கள். லாரிக்காரன் ஆம்புலன்ஸைக் கடக்கும்போது தொப்பியைக் கழற்றுவான். மரியாதை தெரிந்தவன்.

இதை எல்லாம் நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன். பாசோ லகூனாவில் எந்த விழாவானாலும் மைக்கும் ஒலிபெருக்கியும் என்னுடையவை. என் பெயர் குமெர்சிந்தோ என்பது என் தாயோடு போயிற்று. ஊருக்கு நான் ஸ்பீக்கர். பரானா ஆற்றங்கரையில் என்னைப்போல இத்தனை சொற்பொழிவு கேட்டவன் இன்னொருவன் இருந்தால் அவன் மேல் எனக்கு அனுதாபம் உண்டு.

இசபெலினோ ஃப்ளெய்த்தாஸ் என் வயதுக்காரன். எங்கள் காலத்தில் பட்டாளத்துக்குக் குலுக்கல் போட்டு ஆள் எடுத்தார்கள். சின்ன எண் விழுந்தால் வீடு, பெரிய எண் விழுந்தால் பட்டாளம். அவனுக்குப் பெரிய எண் விழுந்தது. அந்த வருஷம் பார்த்துத்தான் தெற்கே, பனிக்கடலில் இருக்கிற மால்வினாஸ் தீவுகளில் போர் வந்தது. ஐஸ் என்றால் மீன் பெட்டியில் போடுவது என்று மட்டும் அறிந்திருந்த எங்கள் கொரியெந்தெஸ் மாகாணத்துப் பையனைக் கொண்டுபோய்த் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் நிறுத்தினார்கள். குண்டு எதுவும் அவன் மேல் படவில்லை. இடது கால் பள்ளத்திலேயே உறைந்து கறுத்தது. முட்டிக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள்.

அதன்பிறகு பொய்க்கால் மாட்டிக்கொண்டு, பேருந்து நிலையத்தில் சிப்பா ரொட்டி விற்றே பிழைத்தான். மனைவி எர்மெலிந்தா விடியலில் சுடுவாள், இவன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பேருந்துக்குப் பேருந்து நடப்பான். பழைய பொய்க்கால் விரிசல் விட்டபோது கம்பி கட்டினான். கம்பி விட்டபோது பெல்ட்டால் இறுக்கினான். கடைசியில் அது சதையைக் கிள்ள ஆரம்பித்தது. சர்க்கரையும் இருந்ததால் புண் ஆறவில்லை. மருத்துவர் நெலிதா பார்த்துவிட்டுக் கறாராகச் சொன்னார்.

"இசபெலினோ, முட்டி இருக்கிற வரைக்கும்தான் நீ நடப்பே. இந்தப் புண் மேல ஏறுச்சுன்னா முட்டியும் போயிரும். இனிமே இந்த உடைசல மாட்டாத. புதுசு வர்ற வரைக்கும் ஊன்றுகோல்தான்."

"புதுசு வந்தாச்சு டாக்டர். நகராட்சியில இருக்கு," என்றான் இசபெலினோ.

"அப்போ போய் வாங்கிக்க வேண்டியதுதானே?"

மருத்துவர் வெளியூர்க்காரர், எங்கள் ஊர் வழக்கம் அவருக்குத் தெரியாது.

கால் வந்திருந்தது உண்மைதான். தலைநகரிலிருந்து, இசபெலினோவின் அளவெடுத்துச் செய்து, பெட்டியில் அனுப்பியிருந்தார்கள். ஆனால் அனுப்பிய விலாசம் இசபெலினோவினுடையது அல்ல, எங்கள் ஊர் வீரர் வணக்க ஆணையத்தினுடையது. போருக்குப் போனவர்களுக்கு ஆதரவு திரட்டுவதற்கென்று இருக்கிற அமைப்பு அது. அதில் போருக்குப் போன ஆள் ஒருவர்கூடக் கிடையாது. போனவர்களைச் சேர்த்தால் உணர்ச்சிவசப்படுவார்கள், கூட்டம் ஒழுங்காக நடக்காது என்று விதியிலேயே இருக்கிறது.

தலைவர் பெயர் பஸ்ஸானி. வக்கீல். அவரும் எங்கள் வயதுதான், எங்கள் குலுக்கல்தான். அவருக்குச் சின்ன எண் விழுந்தது. அந்தச் சோகத்தை அவர் எந்த மேடையிலும் மறைத்ததில்லை.

"பெருமக்களே," என்று என் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் பேசுவதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "போருக்குப் போகாத பஸ்ஸானிக்கு வீரர்களின் வலி எப்படித் தெரியும் என்று சிலர் கேட்கிறார்கள். நான் அவர்களைத் திருப்பிக் கேட்கிறேன். போனவனுக்கு ஒரு கால்தான் போனது. போக முடியாதவனுக்கு ஒரு போரே போனது. யாருடைய இழப்பு பெரியது?"

கூட்டம் கைதட்டும். இசபெலினோவும் முன்வரிசையில் உட்கார்ந்து தட்டுவான். அவனுக்கு மேடையில் இருப்பவர் எவரானாலும் மேலதிகாரிதான்.

மருத்துவர் சொன்ன அன்றே அவன் ஊன்றுகோலோடு நகராட்சிக்குப் போனான். வயர் மாற்ற வந்த நானும் அங்கே இருந்தேன்.

"தலைவரே, எடுத்துக்கிட்டுப் போகட்டுமா?"

பஸ்ஸானி சிரித்தார். "எடுத்துக்கிட்டா? இசபெலினோ, இது என்ன சந்தையா? இது நாடு உனக்குச் செலுத்துற நன்றி. நன்றிய கொல்லைப்புறமா வாங்கிட்டுப் போவியா? ஆளுநரே வந்து தன் கையால குடுக்கப்போறார்."

"எப்போ வருவார்?"

"ஏப்ரல் ரெண்டு. போர் தினம். அதைவிடப் பொருத்தமான நாள் ஏது?"

"அதுவரைக்கும் ஒருதடவை மாட்டிப் பாத்துக்கலாமா? அளவு சரியா இருக்கான்னு."

பஸ்ஸானியின் முகம் மாறிவிட்டது. "மாட்டிப் பாத்தா அது பயன்படுத்தின கால். பயன்படுத்தின கால ஆளுநர் கையில எப்படிப்பா குடுக்கிறது?"

அதுவரை கால் பெட்டிக்குள் கிடப்பது மரியாதை இல்லை என்று தீர்மானமாயிற்று. மூடிப்போன ஒரு கேக் கடையிலிருந்து கண்ணாடி அலமாரியை வாங்கி, சிவப்பு வெல்வெட் விரித்து, காலை அதில் நிறுத்தினார்கள். உள்ளே விளக்கும் எரிந்தது. கேக்குக்குப் போட்ட விளக்கு, வேலை செய்கிறது, ஏன் கழற்ற வேண்டும்? பக்கத்தில் காவலுக்கு ஒரு நகராட்சி ஊழியர் விறைத்து நின்றார். பள்ளிக்கூடங்கள் வகுப்பு வகுப்பாக வந்தன. பிள்ளைகள் காலுக்கு சல்யூட் வைத்துவிட்டு, அது தங்களிடம் என்ன சொன்னது என்று கட்டுரை எழுதினார்கள். ஒருநாள் இசபெலினோவும் அந்த வரிசையில் நின்றான். கண்ணாடியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஐயா, கைய எடுங்க, கறையாகும்," என்றார் காவலுக்கு நின்றவர்.

"என் கால்தான் தம்பி."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. இது நம்ம எல்லாரோட கால்னு தலைவர் எழுதி ஒட்டியிருக்கார் பாருங்க."

ஏப்ரல் இரண்டாம் தேதி ஆளுநர் வரவில்லை. மழை. மேடைக்குக் கூரை இருந்தது, ஆனால் ஆளுநரின் பேச்சு வெயிலுக்கென்று எழுதப்பட்டதாம், அதில் சூரியன் இரண்டு இடத்தில் வந்ததாம். அடுத்த தேசிய விழாவான மே இருபத்தைந்துக்கு வேறு ஊரில் அவருக்குத் திறக்க ஒரு பாலம் இருந்தது. ஜூனில் கொடி நாளுக்குக் கட்டாயம் என்றார்கள். ஒவ்வொரு தேதிக்கும் முன்னால் ஒத்திகை நடந்தது. இசபெலினோவைக் கெடுத்தது அதுதான்.

ஒத்திகையை நடத்தியவர் பெர்லா டீச்சர். ஊரில் யார் எங்கே நிற்க வேண்டும், எந்தக் கையை எப்போது மார்பில் வைக்க வேண்டும் என்பதற்கெல்லாம் அவர்தான் கடைசி வார்த்தை. முதல் ஒத்திகையில் இசபெலினோ ஊன்றுகோலோடு மேடைப்படிக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

"ஊன்றுகோல் வேணாம். பழைய கால மாட்டிக்கிட்டு, தலை நிமிர்ந்து, நீங்களா படியேறி வரணும். ஊன்றுகோலோட படத்துல விழுந்தா, இத்தனை வருஷமா அரசாங்கம் உங்களுக்கு எதுவுமே செய்யலைன்னு ஆயிடும்."

"செய்யலைதானே டீச்சர்?" என்றான் இசபெலினோ. வம்பு பேசவில்லை, ஞாபகப்படுத்தினான்.

"அதுக்காகத்தானே விழா? நல்லா நடந்து வாங்க."

நடந்தான். ஏறினான், இறங்கினான். ஆளுநருக்குப் பதிலாக நகராட்சித் தோட்டக்காரர் நின்று ஒரு பூசணிக்காயைக் கொடுப்பார், இவன் வாங்கிக் கண் கலங்க வேண்டும். கண் கலங்குவது மட்டும் அவனுக்கு முதல் முறையிலேயே சரியாக வந்தது. புண் அப்படி வலித்தது. "இயல்பா இருக்கு, இதையே வெச்சுக்கலாம்," என்றார் பெர்லா டீச்சர்.

வீட்டுக்குப் போய்க் காலைக் கழற்றினால் உறையில் ரத்தம் இருக்கும். எர்மெலிந்தா வெந்நீரில் கழுவுவாள், மருத்துவர் திட்டுவார், அடுத்த ஒத்திகைக்கு ஆள் வரும். போகாவிட்டால் என்ன என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"போகலேன்னா, பயனாளிக்கு விருப்பமில்லைன்னு எழுதி கால திருப்பி அனுப்பிடுவாங்களாம்," என்றான். "அந்தக் கால் எனக்கு வேணும் கூட்டாளி. முட்டி போச்சுன்னா கூடைய தூக்கிட்டு நடக்க முடியாது. அவ ஒருத்தியா எத்தனை நாள் சுடவும் விக்கவும் செய்வா?"

கொடி நாளும் போயிற்று. ஆளுநருக்குத் தொண்டை கட்டியிருந்தது. புண் கறுத்து மேலே ஏறத் தொடங்கியது. எர்மெலிந்தா நேராக பஸ்ஸானியின் வீட்டுக்குப் போனாள். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று என்னையும் கூட்டிக்கொண்டாள். பஸ்ஸானி மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார், எங்களுக்கும் ஒன்று ஊற்றிக் கொடுத்தார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டம்.

"அந்தக் கால குடுங்க தலைவரே," என்றாள். "விழாவுக்கு அன்னைக்கு நானே கழுவித் துடைச்சுக் கொண்டாந்து அலமாரியில வெக்கிறேன். அழவும் அழறோம். எவ்வளவு வேணும்னாலும் அழறோம்."

பஸ்ஸானியின் கண்ணில் நீர் வந்துவிட்டது. "எர்மெலிந்தா, உன் வேதனை எனக்குப் புரியுது. ஆனா நான் இப்படிக் குடுத்துட்டா இசபெலினோவுக்கு ஒரு கால் கிடைக்கும், அவ்வளவுதான். விழாவோட குடுத்தா இந்த மாகாணத்துல இருக்கிற எல்லா வீரர்களுக்கும் கௌரவம் கிடைக்கும். ஒருத்தன் நடக்கிறது முக்கியமா, எல்லாரும் தலை நிமிர்றது முக்கியமா?"

"எனக்கு ஒருத்தன் நடந்தாப் போதும்."

"இதுக்குத்தான் விதியே போட்டோம். குடும்பத்துக்காரங்களும் உணர்ச்சிவசப்படுறாங்க."

தெருவுக்கு வந்ததும் அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். "ஸ்பீக்கர், மத்தியானம் நகராட்சியில யார் இருப்பாங்க?"

யாரும் இருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் மத்தியானத் தூக்கத்தை மதிக்காதவன் மனிதனில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு வெயில் தாழும்வரை நாய்கூடக் குரைக்காது. தாய்நாட்டின் நன்றிக்குக் காவல் நின்றவரும் அந்த நேரத்தில் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துவிடுவார். கதவைச் சாத்துவார், பூட்ட மாட்டார். யார் வரப்போகிறார்கள்?

நாங்கள் போனோம். நான் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தேன், அவள் காலை எடுத்து சிப்பாக் கூடைக்குள் வைத்துத் துணி போட்டாள். பாதம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பட்டப்பகலில் நடுத்தெருவில் நடந்தோம். ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை.

இசபெலினோ அதைப் பார்த்ததும் முதலில் பயந்தான். "ஆளுநர் கோவிச்சுக்க மாட்டாரா?" என்றான். பிறகு மடியில் வைத்துத் தடவினான். மாட்டிப் பார்த்தபோது பாதிதான் உள்ளே போயிற்று. வீக்கம். மருத்துவர் நெலிதா வந்து பார்த்தார், யாருடைய கால், எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அளவு கச்சிதம். வீக்கம் வத்தினா தானா ஏறிடும். நான் குடுக்கிற மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் படுத்துக் கிட. ஒத்திகை, படி, மேடை எதுவும் கூடாது. உன் முட்டி பிழைக்கும்."

அன்று அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் அங்கேயே சாப்பிட்டேன். வீக்கம் வற்றியதும் முதலில் எங்கே நடப்பது என்று புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் ஏட்டு வந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, கொடுத்த மாத்தேயைக் குடித்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"ஒரு கால் காணாமப் போயிருக்கு. எல்லா வீட்டிலயும் கேட்டுட்டு வர்றேன்."

"இங்க இல்ல," என்றாள் எர்மெலிந்தா.

ஏட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். "உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து நிஜக் கால் மூணு. சுவத்துல தொங்குற பழசு ஒண்ணு. ஆக நாலு. கட்டிலுக்குக் கீழ அஞ்சாவது ஒண்ணு தெரியுதே."

"அது என்னுது," என்றான் இசபெலினோ.

"தெரியும்ணே. உன்னுதுன்னு ஊருக்கே தெரியும். ஆனா இன்னும் உன்கிட்ட குடுக்கலையே." அவருக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் குனிந்து எடுத்துக்கொண்டு போனார்.

இது வழக்காக மாறவில்லை. பஸ்ஸானி பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார். ஆனால் காலுக்கு அவமரியாதை நடந்துவிட்டதே. எங்கள் நாட்டில் சிலை மேல் யாராவது கரியால் கிறுக்கினால்கூட, அதற்கென்று ஒரு அவமதிப்பு நீக்கும் விழா எடுத்து மலர்வளையம் வைப்பார்கள். சிப்பாக் கூடையில் பயணம் செய்த காலுக்கு அதைச் செய்யாமல் இருக்க முடியுமா? ஜூலை ஒன்பது, சுதந்திர தினத்தில் விழா. மலர்வளையம் வைக்க வேண்டியவர், வீரர் இசபெலினோ ஃப்ளெய்த்தாஸ். வராவிட்டால் கால் திரும்பிப் போகும்.

மருத்துவர் முடியாது என்றார். எர்மெலிந்தா வாசலில் குறுக்கே நின்றாள். அவளை விலக்கிவிட்டு அவன் பழைய காலை மாட்டினான். காய்ச்சலில் உடம்பு கொதித்தது. "நிக்கிறதுதானே? நின்னுடறேன். பள்ளத்துல நிக்கலையா?" என்றான்.

எங்கள் பக்கத்தில் ஜூலை குளிர்காலம், அன்று குளிர் காற்று ஆற்றிலிருந்து அடித்தது. பஸ்ஸானி கண்ணாடி அலமாரியின் பக்கம் திரும்பி, "காலே, எங்களை மன்னித்துவிடு," என்று தொடங்கி நெடுநேரம் மன்னிப்புக் கேட்டார். இசபெலினோவின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. பிறகு தேசிய கீதம். எங்கள் கீதத்தில் பாட்டு வருவதற்கு முன்னால் இசையே ஒரு பாடு போகும். அன்று நகராட்சி வாத்தியக் குழு அதை முழுசாக வாசித்தது. இசபெலினோ வளையத்தைப் பிடித்துக்கொண்டு ஊன்றுகோல் இல்லாமல் நின்றான். முகம் சாம்பலாகிக்கொண்டே வந்தது. நான் ஒலிபெருக்கியின் பக்கத்திலிருந்து கைகாட்டினேன், பெர்லா டீச்சர் என்னை முறைத்தார். பாட்டு தொடங்கியபோது அவன் அப்படியே மடங்கி மண்ணில் விழுந்தான்.

பஸ்ஸானி மைக்கைப் பிடித்தார். "பாருங்கள், பெருமக்களே. தாய்நாட்டின் முன் மண்டியிடுகிறார் நம் வீரர்."

கைதட்டினார்கள். என் ஒலிபெருக்கியில் அந்தக் கைதட்டல் ஆறு தாண்டிக் கேட்டிருக்கும். எர்மெலிந்தாவும் நானும் அவனைத் தூக்கி என் வேனில் போட்டபோது வாத்தியக் குழு இன்னும் வாசித்துக்கொண்டிருந்தது.

முட்டிக்கு மேலே வெட்டினார்கள். அவன் கண் விழித்ததும் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் கையால் துழாவினான். எர்மெலிந்தா சத்தம் போடாமல் அழுதாள். நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் ஆளுநர் வருவதாகச் செய்தி வந்தது. தொண்டை சரியாகிவிட்டதாம், வெயிலும் இருந்தது. பஸ்ஸானி பூங்கொத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"நல்ல செய்தி, இசபெலினோ."

"தலைவரே, அது முட்டிக்குக் கீழ மாட்டுற கால்," என்றான் இசபெலினோ. "எனக்கு இப்ப முட்டி இல்ல."

"பொருந்துமா பொருந்தாதாங்கிறது மருத்துவத் துறை. ஒப்படைக்கிறது எங்க துறை. ஒண்ணுல ஒண்ணு தலையிடக் கூடாது."

விழா நடந்தது. சக்கர நாற்காலியில் கொண்டுவந்து, இடுப்புக்குக் கீழே கொடியைப் போர்த்தி, மேடையில் வைத்தார்கள். ஆளுநர் காலைக் கொடுத்தார். படம் எடுத்தார்கள். பெர்லா டீச்சர் கண்ணைக் காட்டினார், ஆனால் இசபெலினோ அழவில்லை. குழந்தையை வாங்கியவன்போல அதை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான். ஆளுநர் பேசினார், சூரியன் இரண்டு இடத்தில் வந்தது. பிறகு பஸ்ஸானி பேசினார்.

"இந்தக் கால் நம் வீரருக்கு இனி உதவாது என்று சிலர் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. கவலை வேண்டாம். முட்டியும் சேர்த்து, இதைவிட நீளமான புதிய காலுக்கு ஆணையம் இன்றே ஏற்பாடு செய்கிறது. இதைவிட நீளமான கால், ஆகவே இதைவிடப் பெரிய விழா. ஒத்திகைகள் அடுத்த மாதமே தொடங்கும்."

கூட்டம் எழுந்து தட்டியது. ஏற்புரைக்காக நான் மைக்கைக் கொண்டுபோய் இசபெலினோவின் வாயருகே பிடித்தேன். அவன் மைக்கைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த காலைக் கீழே தள்ளிவிட்டு, கொடிக்கு மேலே வலது முழங்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கீழே முதல் வரிசையில் இருந்த எர்மெலிந்தாவைத் தேடினான். அவன் மெதுவாகத்தான் பேசினான், ஆனால் ஒலிபெருக்கி நல்ல ஒலிபெருக்கி, ஊர் முழுக்கக் கேட்டது.

"எர்மெலிந்தா, எனக்கு அந்தக் கால் வேணாம்னு சொல்லிடு. எங்கிட்ட இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கு."